முடி வளர்த்த பிள்ளைகளும் பயந்துபோன தகப்பன்களும்

1

எங்கள் ஊர் நூலகத்தில் வியாழக்கிழமை மதியம் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இங்கே அமெரிக்காவில் அதற்கு க்வில்ட் என்று பெயர். மருத்துவமனை மருந்தகத்தில் எனக்கு வேலையில்லாத ஒரே மதியம் அது. சேரலாம் என்று போனேன். மேசையில் இருந்த பெண்ணிடம் நான் சொன்னது க்வில்ட். அவள் காதில் விழுந்தது கில்ட். கில்ட் என்றால் குற்ற உணர்வு. அதே மதியம் கீழ்த்தளத்தில் அந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்துக்கொண்டு பழைய அமெரிக்கத் திரில்லர் படங்களைத் தொடராகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சிரித்த முகத்தோடு என் பெயரை அதில் பதிந்துவிட்டாள்.

ஊசி, நூல், கத்தரிக்கோல் எல்லாம் பையில் இருக்க, நான் இருட்டறையில் போய் உட்கார்ந்தேன். திரையில் ஒரு குடும்பம் காரில் போய்க்கொண்டிருந்தது. சாலையோரம் தோள்வரை முடி வளர்த்த ஒருவன் கட்டைவிரலைக் காட்டி லிஃப்ட் கேட்டான். தகப்பன் வண்டியை நிறுத்தினான். பின்சீட்டில் அவன் ஏறி உட்கார்ந்ததும், கண்ணாடியில் அந்தத் தாயின் முகத்தைக் காட்டினார்கள். அவ்வளவுதான். எழுந்து போக மறந்துவிட்டேன்.

பக்கத்து நாற்காலியில் வெள்ளை முடியைப் பின்னலிட்ட ஒரு அம்மாள். என் பையிலிருந்து எட்டிப்பார்த்த கத்தரிக்கோலைக் கண்டு மெல்லக் கேட்டார்: "அறை மாறி வந்துட்டியா?"

"ஆமாம்."

"பரவாயில்லை, இரு. மேலே தைக்கிறவங்க முழங்கால் வலியைப் பத்தி மட்டும்தான் பேசுவாங்க."

அவர் பெயர் கேரல். எழுபது தாண்டியவர். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அமெரிக்கா வந்து இருபத்தைந்து வருஷத்தில், உச்சரிப்புப் பிழையால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அவர். மற்ற பிழைகளெல்லாம் தவறான மருந்துச் சீட்டிலும் தவறான பஸ்ஸிலும்தான் கொண்டுபோய் விட்டிருக்கின்றன.

2

படங்களின் பெயரைச் சொல்லி ஊரில் இருக்கும் உங்களைத் தேடவிடப் போவதில்லை. பெயர் வேறுவேறாக இருந்தாலும் எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் எடுத்தவை. அப்போது இங்கே பிள்ளைகள் முடி வளர்த்தார்கள், போருக்குப் போகமாட்டோம் என்றார்கள், படிப்பைப் பாதியில் விட்டார்கள், ஆணும் பெண்ணுமாகப் பத்துப்பேர் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். நம்மூரில் அவர்கள் எல்லாரையும் ஹிப்பி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம். அவர்களைப் பெற்றவர்களோ உலகப் போரைப் பார்த்தவர்கள், தவணையில் வீடு வாங்கியவர்கள், வாசலில் புல்லைச் சீராக வெட்டி வைத்தவர்கள். பெற்ற பிள்ளை ஏன் இப்படியானான் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. அந்த விளங்காமை நேராகத் திரைக்குப் போயிருக்கிறது. கொலைகாரன் கழுத்தில் பாசிமணி கிடக்கும். கிடார் சத்தம் கேட்டால் அடுத்த காட்சியில் யாரோ சாகப்போகிறார்கள் என்று அர்த்தம்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. போகப்போகச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் அவற்றில் நல்ல படங்கள் பயமுறுத்துவதோடு நிற்கவில்லை. பயப்படுகிறவனையும் விடாமல் காட்டின. ஒரு படத்தில் போலீஸ் அதிகாரி ஊரிலுள்ள முடிவளர்த்த பையன்கள் அத்தனை பேரின் கைரேகையையும் வைத்திருக்கிறார். சொந்த மகன் காலையில் என்ன சாப்பிடுவான் என்று அவருக்குத் தெரியாது. அதைப் பெரிய வசனமாகச் சொல்லவில்லை. மகன் சமையலறைக்குள் வருகிறான், அவர் முட்டையை நீட்டுகிறார், அவன் முட்டை சாப்பிடுவதில்லை. காட்சி முடிந்தது. இன்னொன்றில் இரும்புக்கடைக்காரர் ஒருவர் வீட்டைவிட்டுப் போன மகனின் புகைப்படத்தை வைத்துக்கொண்டு பெரிய நகரமொன்றில் கதவு கதவாகத் தட்டுகிறார். படம் முடியும்போதும் அவர் தட்டிக்கொண்டேதான் இருக்கிறார்.

வருஷம் ஏற ஏறப் படங்களின் பயம் திசை மாறுகிறது. அதுதான் என்னை அசத்தியது. அந்த முடிவளர்த்த பிள்ளைகளே வளர்ந்து படமெடுக்க வந்துவிட்டார்கள் போல. இப்போது கொலைகாரன் நன்றாக முடிவெட்டிக் கோட்டுப் போட்டிருக்கிறான். வீட்டுக்கு வெளியே நிறுத்திய கறுப்புக் காரில் தகப்பன் வயதுக்காரர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் திரைச்சீலையை விலக்கி அவர்களைப் பார்த்து நடுங்குகிறார்கள். ஒரு வீட்டுச் சண்டையை ஒரு நாடு இப்படி இரண்டு பக்கத்திலிருந்தும் படமாக எடுத்துவைத்திருக்கிறது. எங்கள் குடும்பங்களில் இந்தச் சண்டையைப் படமெடுப்பது இருக்கட்டும், பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டுதான் போட்டிருக்கிறோம்.

ஒருநாள் படம் முடிந்து வெளியே வரும்போது கேரல் கேட்டார்: "கவனிச்சியா? தேடிப் போற தகப்பன் கையில் ஒண்ணு துப்பாக்கி இருக்கு, இல்லேன்னா போட்டோ இருக்கு. ஒருத்தன்கூட சாப்பாடு கொண்டு போகலை."

3

இதையெல்லாம் நான் ரசித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில் என் வீட்டில் ஒரு திரில்லர் நடந்துகொண்டிருந்தது.

என் மகள் ஷஹானா இன்ஜினியரிங் மூன்றாம் வருஷத்தை நிறுத்திவிட்டு, தெற்கே மலையடிவாரத்தில் ஒரு காய்கறிப் பண்ணைக்குப் போய்விட்டாள். எட்டுப்பேர் சேர்ந்து குத்தகைக்கு எடுத்த இடம். எல்லாம் அவள் வயதுதான். ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. போனபிறகுதான் எங்களுக்குச் சொன்னாள்.

என் கணவர் சலீம் கேரள மலைப்பக்கத்துப் பீர்மேட்டுக்காரர். தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளிகள் குடியிருக்கும் லயங்களுக்குப் பக்கத்தில் அவருடைய அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். செய்தியைக் கேட்டதும் சலீம் சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றாமல் சொன்னார்: "லயத்துப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்தை விட்டுட்டு கொழுந்துக் கூடையோட மலையேறுறதப் பாத்து வளந்தவன்டி நான். இவ படிப்ப விட்டுட்டு ஆசப்பட்டு மண்ணக் கிண்டப் போயிருக்கா."

அடுத்த நாள் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டார். அங்கிருந்த பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: அந்தப் பெயரில் ஒரு மாணவி இருக்கிறாரா இல்லையா என்பதைக்கூடச் சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை.

"நான் அவளோட தகப்பன்."

"உங்களிடம் பேசலாம் என்று அவர் எழுத்தில் சம்மதம் தரவேண்டும், சார்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பெத்ததுக்கு ரசீது கேக்குறாங்க."

பீர்மேடு தாலுக்கா ஆபீசில் தகப்பன் பெயர் இல்லாமல் ஒரு காகிதமும் நகராது. இங்கே தகப்பன் என்று சொன்னால் காகிதம் நகராது. இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் வாழ்க்கை.

அன்று மாலையே அவர் ஷஹானாவை அழைத்து, "நீயா வரலன்னா போலீஸோட வருவேன்" என்று சொல்லிவிட்டார். அவள் அழைப்பைத் துண்டித்தாள். அதற்குப் பிறகு எனக்கு மட்டும்தான் பேசினாள், அதுவும் சுருக்கமாக. "அம்மா, கவலைப்படாதீங்க. நான் சந்தோஷமா இருக்குது" என்பாள். அவள் தமிழ் அப்படித்தான். சந்தோஷம் என்னவோ அவளைவிட்டுத் தனியாக எங்கோ நிற்பதுபோல எனக்குக் கேட்கும்.

4

அந்த நாட்களில் அத்தாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். என்னைப் பெற்ற அத்தாவுக்குப் பாலக்காட்டில் ஏலக்காயும் மிளகும் விற்கும் மலைச்சரக்குக் கடை. அண்ணன் அன்வரை ஏலக்காய் கொள்முதல் செய்ய மலைமேல் சாந்தன்பாறைக்கு அனுப்பிவைத்தார். அண்ணன் சரக்கு அனுப்பினான், ஆனால் திரும்பி வரவில்லை. முடியைத் தோள்வரை வளர்த்துக்கொண்டு, மூன்று கூட்டாளிகளோடு ஒரு பழைய எஸ்டேட் வீட்டில் தங்கி, தோட்டத் தொழிலாளிகள் முன்னால் நாடகம் போட ஆரம்பித்திருந்தான். பக்கத்துப் பூப்பாறையில் அவனைப் பார்த்துவிட்டு வந்த மாமா ஒருவர் எங்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் பக்கமெல்லாம் கஞ்சா. உங்க பையன் கண்ணு செவந்து கெடக்கு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னைச் சொல்லக்கூடாது."

அத்தா வாழ்நாளில் பார்த்த இங்கிலீஷ் படம் ஒன்றே ஒன்று. தியேட்டர்காரர் சிநேகம், ஓசி டிக்கெட். முடிவளர்த்த நான்குபேர் ஒரு வீட்டுக்குள் புகுந்து குடும்பத்தையே கட்டிப்போடுகிற கதை. அத்தாவுக்கு வசனம் புரியவில்லை. முடி புரிந்தது. மாமா போனபிறகு, "அந்தப் படத்துல வந்தவங்க மாதிரியா இருக்கான் என் புள்ள?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. ஆனாலும் அழுதார்.

பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு என்று பஸ் மாறி, கடைசியில் ஜீப்பில் தொங்கிக்கொண்டு அத்தா சாந்தன்பாறை போனார். போலீஸைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் திட்டம். மாமாவின் யோசனை அது. ஸ்டேஷன் வாசல்வரை போனவர் உள்ளே ஏறவில்லை. ஏன் என்று நான் பின்னாளில் கேட்டிருக்கிறேன். "போலீஸோட போனா கதவு தொறக்கும். ஆனா அதுக்கப்புறம் எனக்கு எப்பவும் தொறக்காது" என்றார்.

தனியாகத்தான் போய்த் தட்டியிருக்கிறார். உள்ளே கூட்டாளிகளில் ஒருவன் பனிபிடித்துக் கிடந்தான். பனி என்றால் எங்கள் பக்கத்தில் காய்ச்சல், மலையாளம் எங்களுக்குக் கொடுத்த சொல். அண்ணன் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காமல் அவன் தலைமாட்டில் இருந்து ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தான். கண் சிவந்ததன் காரணம் அதுதான். அத்தா ஜீப் பிடித்து வந்தார். அந்தப் பையனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவன் எழுந்து கஞ்சி குடிக்கும்வரை அத்தாவும் அங்கேயே இருந்தார்.

தனியாகத்தான் திரும்பி வந்தார். அம்மா வாசலுக்கு ஓடிவந்து அவருக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். அத்தா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "முடி இருக்கு. மனுசனாவும் இருக்கான்."

அண்ணன் இப்போது அதே மலைப்பக்கம் நெடுங்கண்டத்தில் அச்சகம் வைத்திருக்கிறான். தலையில் ஒரு முடி இல்லை. அத்தா தன் கடைசி வருஷத்தைக் கழித்தது அவன் வீட்டில்தான்.

5

சலீமுக்கு இந்தக் கதை தெரியும். எங்கள் கல்யாணத்திலேயே யாரோ சொல்லிக் கேட்டுச் சிரித்தவர் அவர். ஆகவே நான் அதைத் திரும்ப எடுக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை என் கார் பணிமனையில் இருந்ததால், படம் முடிந்ததும் அவர்தான் அழைத்துப்போக வந்தார். மழை. கேரலையும் ஏற்றிக்கொண்டோம்.

வழியில் நான் கேரலிடம், "ஒரு படம்கூட விடாம வர்றீங்களே, இவ்வளவு பிடிக்குமா?" என்று கேட்டேன்.

"பிடிக்கும்னு சொல்ல முடியாது" என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கேரலின் அப்பா ஒரு சின்ன ஊரில் போலீஸ்காரர். பத்தொன்பது வயதில் கேரல் வீட்டைவிட்டுக் கிளம்பி கலிபோர்னியாவில் ஒரு கூட்டு வீட்டில் போய்ச் சேர்ந்திருக்கிறார். அங்கே ஆடு வளர்த்தார்கள், ரொட்டி சுட்டார்கள், பெரும்பாலும் குளிரில் நடுங்கினார்கள். வீட்டுக்கு முகவரியை எழுதி அனுப்பினார். அப்பா வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. அப்பாவுக்குத் தன்மேல் வெறுப்பு என்று கேரல் முடிவு கட்டிக்கொண்டார். அவர் இறந்ததற்குப் பிறகுதான் அம்மா ஒரு விஷயத்தைச் சொன்னாராம். இந்த மாதிரிப் படம் எது வந்தாலும் அப்பா மதியக் காட்சிக்குத் தனியாகப் போய்விடுவாராம். யாரையும் கூட்டிக்கொண்டு போகமாட்டாராம். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வாராம்.

"என்னைப் பத்தி நினைக்கும்போது அவர் கண்ணுக்குள்ள என்ன ஓடுச்சுன்னு எனக்குத் தெரியணும். அதான் வர்றேன்" என்றார் கேரல். "தப்பான இடத்தில் தேடினார். ஆனா தேடியிருக்கார். காரில் ஒரு பகல் ஓட்டினா நான் இருந்த இடத்துக்கே வந்திருக்கலாம்."

சலீம் கேரலை இறக்கிவிட்டு, அவர் கதவைத் திறந்து உள்ளே போகும்வரை வண்டியை எடுக்காமல் நின்றார்.

மறுநாள் காலையில் சமையலறைக்கு வந்து, "தேங்காச்சோறு ஆக்குறியா? எட்டுப்பேருக்கு" என்றார்.

6

சனிக்கிழமை போனோம். பண்ணை இருக்கும் சாலையில் வீடுகளே இல்லை. நீளமான மரக் கேட். நான் காரில் உட்கார்ந்தபடி ஷஹானாவை அழைத்துப் பார்த்தேன், சிக்னல் இல்லை. "நீ இரு" என்று சொல்லிவிட்டு சலீம் இறங்கினார். அன்று வெயில் கண்ணைக் கூசவைத்தது. கறுப்புக் கண்ணாடி, கறுப்பு ஜாக்கெட், கையில் சோறு வைத்து மூடிய பெரிய பெட்டி. கேட்டுக்கு உள்ளேயிருந்து முடியை முடிச்சுப் போட்ட ஒரு பையன் வந்தான். ஈதன் என்று பிறகு தெரிந்தது.

சலீம் சொல்ல நினைத்தது, "ஷஹானாவுக்காக வந்திருக்கேன்." அதைத் தமிழில் யோசித்து வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலமாக்கிச் சொல்லிவிட்டார். ஆங்கிலத்தில் அதற்கு அர்த்தம், அவளைக் கொண்டுபோக வந்திருக்கிறேன்.

பையனின் முகம் மாறியது. கார்க் கண்ணாடிக்குள்ளிருந்து எனக்குச் சத்தம் கேட்கவில்லை, படம்தான் தெரிந்தது. அவன் கேட்டின் சங்கிலியை மாட்டினான். பெட்டியைக் காட்டி ஏதோ கேட்டான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண் வீட்டுத் தாழ்வாரத்திலிருந்த போனை எடுத்தாள். போலீஸோடு வருவேன் என்று மிரட்டிய தகப்பனைப் பற்றி ஷஹானா அவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். இப்போது அந்தப் பிள்ளைகள் போலீஸைக் கூப்பிடுகிறார்கள். வியாழக்கிழமைகளில் நான் பார்த்த அந்தக் கறுப்புக் காருக்குள் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் நிறத்து மனிதன் ஒருவன், ஆளில்லாத சாலையில், அடுத்தவர் கேட்டுக்கு வெளியே, போலீஸ் வந்தால் எப்படி நிற்கவேண்டும் என்பது இங்கே எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். சலீம் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு கைகளையும் எல்லாருக்கும் தெரியும்படி விரித்து அசையாமல் நின்றார். நான் கதவைத் திறந்துகொண்டு, "நாங்க அவளைப் பெத்தவங்க, பார்த்துட்டுப் போக வந்தோம், அதில் சோறு இருக்கு" என்று தெரிந்த ஆங்கிலத்திலும் தெரியாத ஆங்கிலத்திலும் கத்திக்கொண்டு ஓடினேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து காலிக் கூடைகளோடு ஒரு பழைய டிரக் வந்து நின்றது. ஷஹானா குதித்து இறங்கினாள். சந்தையிலிருந்து வருகிறாள். வெயிலில் கறுத்திருந்தாள். கைகளை விரித்து நிற்கும் தகப்பனைப் பார்த்ததும் அவள் உதடு கோணியது.

"அத்தா, கைய கீழ போடுங்க. ப்ளீஸ், அத்தா. கைய போடுங்க."

அவர் கையை இறக்கவில்லை. "அந்தப் புள்ள போன வைக்கட்டும்" என்றார்.

ஷஹானா கேட்டைப் பார்த்துக் கத்தினாள். சங்கிலி கழன்றது, போன் இறங்கியது. அதன் பிறகுதான் அவர் கை இறங்கியது.

"கூட்டிட்டுப் போக வரல. ஒன்னப் பாக்க வந்தேன்" என்றார்.

"பாத்தாச்சா?" கோபமாகத்தான் கேட்டாள்.

"இன்னும் இல்ல."

அவள் அழுதாள். அவரும்.

மரத்தடி மேசையில் எல்லாரும் தேங்காய்ச்சோறும் கறியும் சாப்பிட்டோம். ஈதன் மூன்றுமுறை மன்னிப்புக் கேட்டான். சலீம் அவன் தட்டில் இன்னொரு துண்டு கறியை வைத்து, "கதவ சரியாத்தான் சாத்துன. என் மக உள்ள இருக்கால்ல" என்றார். அவன் புரியாமல் விழித்தான். ஷஹானா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். தெரிந்த தமிழில் பாதியும் ஊகத்தில் பாதியுமாகச் சொன்னாலும் சரியாகவே சொன்னாள்.

அன்று முழுக்க நான் கவனித்தது ஒன்றுதான். விதை, தண்ணீர், டிரக், சந்தை என்று எதைக் கேட்பதானாலும் அங்கே எல்லாரும் அவளைத்தான் கேட்டார்கள். எங்கள் வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுத்துவைக்காத பெண். கிளம்பும்போது சலீம் கேட்டார்: "படிப்பு? இந்த வருஷம் இல்லையா, எப்பவுமே இல்லையா?"

"தெரியாது, அத்தா."

"சரி. தெரியாதுன்னே சொல்லு. என்னைச் சமாதானப்படுத்த ஒண்ணு சொல்லாத."

அவருக்கு இன்னும் அந்தப் பண்ணை பிடிக்கவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை போகிறார். போய்வந்து கால் வலிக்கிறது என்கிறார். மண் ஈரமாக இருக்கிறது, அந்தப் பிள்ளைகளுக்குச் செருப்புப் போடத் தெரியவில்லை என்கிறார். அடுத்த மாதமும் போகிறார்.

7

அதற்கடுத்த வியாழக்கிழமை படம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருந்தது. கேரலிடம் நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியையும் ஜாக்கெட்டையும் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெட்டியில் என்ன இருக்கிறது என்று அந்தப் பையன் கேட்டதைச் சொன்னபோது கண்ணில் நீர்வரச் சிரித்தார். கைகளை விரித்துக்கொண்டு நின்றதைச் சொன்னபோது சிரிப்பை நிறுத்திவிட்டு என் முழங்கையைப் பிடித்தார்.

விளக்குகளை அணைத்தார்கள். திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. கேரல் திரையைப் பார்க்கவில்லை. என் பக்கமாகக் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அவர் கார் கதவைத் திறந்து இறங்கினாரே, அங்கேயிருந்து இன்னொரு தடவை சொல்லு."